கெட்சப் பறவை

மாரிட்டுக்குக் கனவு காண நேரம் காலம் கிடையாது. பல் துலக்கும்போதும் காண்பாள், கணக்கு வகுப்பிலும் காண்பாள். காற்றுத் துப்பாக்கியோடு குப்புறப் படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அன்று சனிக்கிழமை. மொன்டானாவில் அவர்கள் ஊர்ச் சந்தைக் கொட்டகைக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சிறுவர் துப்பாக்கி சுடும் கிளப்பின் தேர்வுச் சுற்று. மாநிலப் போட்டிக்கு நாலு பேர் போகலாம். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு மாரிட்டும் அவள் தோழி டெஸ்ஸும் போட்டி போட்டார்கள்.

மாநிலப் போட்டிக்குப் போகிறவர்கள் தங்கும் விடுதியில் நீச்சல் குளம் இருக்கிறதாம். ஒரு மாதமாக மாரிட் அதில் மனசுக்குள்ளேயே நீந்திக்கொண்டிருந்தாள்.

ஆளுக்குப் பத்துக் குண்டு. மூன்றாம் பலகையில் கறுப்பு வட்டம் போட்ட மாரிட்டின் தாள். பக்கத்தில், நான்காம் பலகையில் டெஸ்ஸின் தாள்.

ஒன்பது குண்டு முடிந்ததும் மாரிட் தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தாள். பனி மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. கொட்டகையே மிதப்பதுபோல் இருந்தது. கடைசிக் குண்டைப் போட்டு, மூச்சை விட்டுக்கொண்டே குறி பார்த்தாள்.

கறுப்பு வட்டத்தின் பக்கத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பனியில் ஒரு சின்னச் சிவப்புப் பறவை உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். விரல் தானாக அழுந்தியது.

டப்! நட்டநடுவில், அழகான பத்துப் புள்ளி.

"எல்லாரும் துப்பாக்கியக் கீழ வைங்க!" என்றார் பயிற்சியாளர் டார்லீன்.

அவர் தாள்களை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். ஓட்டைகள் குட்டி நட்சத்திரங்களாக மின்னின.

"மாரிட், உன்னோடதுல ஒம்போது ஓட்டைதான் இருக்கு. நடுவுல ஒண்ணு பெருசா கிழிஞ்சிருக்கே, அதுல ரெண்டு போயிருக்கும். பலே! ஆமா, டெஸ், உன்னோடதுல என்ன பதினொண்ணு?"

"பத்துதான் மிஸ் சுட்டேன்! எண்ணி எண்ணிச் சுட்டேன்!"

"கூட ஒண்ணு சுட்டா சுற்று செல்லாதும்மா. உனக்கே தெரியும்."

"எண்ணத் தெரியாதவளுக்குத் துப்பாக்கி ஒரு கேடா?" என்று பின்னாலிருந்து சிரித்தான் கிளப்பில் இன்னொரு பையனான கோல்டர்.

டெஸ்ஸின் கண்கள் நிறைந்துவிட்டன.

அப்போதுதான் மாரிட் பார்த்தாள். டெஸ்ஸின் தாளில், கறுப்பு வட்டத்துக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு கறை.

"அது என்னடி?"

"தக்காளி கெட்சப்பு. கையத் துடைக்காம தாள மாட்டிட்டேன்" என்று மூக்கை உறிஞ்சினாள் டெஸ்.

மாரிட்டுக்குப் புரிந்துவிட்டது. அது பறவை இல்லை! அவளுடைய கடைசிக் குண்டு பக்கத்துத் தாளுக்குப் போயிருக்கிறது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நீச்சல் குளம் கண்ணுக்குள் நீலமாகத் தளும்பியது. ஆனால் அழுகிற டெஸ்ஸைப் பார்த்துக்கொண்டே அதில் நீந்த முடியவில்லை.

"மிஸ், பதினொண்ணாவது என்னோடது. நான்தான் தாள் மாத்திச் சுட்டுட்டேன்."

"நிச்சயமா தெரியுமா?"

"அந்தச் சிவப்பப் பாத்துதான் சுட்டேன் மிஸ். பறவைன்னு நெனச்சேன்."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. டார்லீனும் சிரித்துவிட்டு, தாளில் எதையோ அடித்து எழுதினார்.

"அப்போ உன் கடைசிக் குண்டுக்கு சைபர். டெஸ்ஸுக்குத்தான் புள்ளி கூட, அவதான் போறா. சரியா?"

"சரி மிஸ்" என்றாள் மாரிட். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மாநிலப் போட்டி முடிந்து டெஸ் திரும்பி வந்தாள்.

"நீச்சல் குளம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் மாரிட்.

"ஐஸ் தண்ணி! கால் கட்டை விரல உள்ள விட்டுட்டு ஓடியே வந்துட்டேன்."

பயிற்சி தொடங்கும்முன் டெஸ் மூன்றாம் பலகையருகே போய் ஏதோ செய்தாள். திரும்பி வரும்போது கட்டை விரலை நக்கிக்கொண்டே வந்தாள்.

மாரிட் படுத்துக் குறி பார்த்தாள். அவளுடைய சொந்தத் தாளின் ஓரத்தில், சிவப்பாக, குட்டியாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இனிமே உன் பறவை இங்கதான் இருக்கும்" என்றாள் டெஸ்.

அன்று மாரிட் ஆசை தீரக் கனவு கண்டாள். பத்துக் குண்டும் அவள் தாளிலேயே விழுந்தன.