ஊதா விளக்கு எரியும்வரை

"சாத்துங்க அண்ணி, முதல்ல கதவைச் சாத்துங்க!"

"சாத்திட்டேன்டி, கத்தாதே. பக்கத்துலதானே நிக்கிறேன், பக்கத்து ஊர்லயா நிக்கிறேன்?"

"கதவைத் திறந்தா லைட் அணையணும்ல? ஏன் அணையலை?"

"உங்க அண்ணனைக் கேளு. சுவிட்சு மேல டேப்பைச் சுத்தி வச்ச மகராசன் அவர்தானே."

"எது நடந்தாலும் எங்க அண்ணன் தலையிலேயே கட்டுங்க. உலகத்துல வேற ஆளே—"

"ஆறு வாரமா கண்ணுல கட்டோட இருட்டுல படுத்திருக்கிறது வேற ஆளா?"

நாத்தனார் பையிலிருந்து பிரஷை எடுத்தாள். மெலிந்த உடம்பு, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள் என்பதால் தொழிலில் அவளுக்கு ஊசி என்று பெயர். அண்ணிக்கும் பெயர் அண்ணிதான். அவள் வேலை பார்க்கப் போகிற கட்டடங்களில் அறுபது வயதுக் காவலாளி முதற்கொண்டு எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பத்து மாடி அலுவலகத்தின் உச்சியில், ஜன்னல் இல்லாத இயந்திர அறை அது. வெளியே பட்டப்பகல். உள்ளே ஒரே ஒரு குழல் விளக்கு தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல மங்கி மங்கி எரிந்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு சின்ன அறை அளவுக்குத் தகரப் பெட்டி. வெயில் காலத்தில் குளிர்ந்த காற்றையும் குளிர் காலத்தில் சூடான காற்றையும் கட்டடம் முழுவதும் அனுப்புகிற ஏசி மெஷின். அதற்குள் குழாயும் மெல்லிய தகடுகளுமாகச் சுவர்போல நிற்கும் காயில். எப்போதும் ஈரம், ஈரத்தில் பூஞ்சை, பூஞ்சை பிடித்த காற்றைச் சுவாசிக்க நானூறு பேர். அதனால்தான் காயிலுக்கு எதிரே நான்கு ஊதா விளக்குகள் அல்லும் பகலும் எரிந்தன. அந்த வெளிச்சம் விழுந்த இடத்தில் எந்தக் கிருமியும் தங்காது. கண்ணில் விழுந்தால் கண்ணும் தங்காது. கதவுச் சட்டத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். கதவு மூடி அதை அழுத்தினால் விளக்கு எரியும். திறந்தால் அணையும். ஆளைக் காப்பாற்ற இருப்பது அது ஒன்றுதான்.

அந்தப் பொத்தானை அழுத்தி, அதன்மேல் டேப்பைச் சுற்றிவிட்டு, எரிகிற விளக்குக்கு முன்னால் நின்று வேலை பார்த்திருக்கிறார் அண்ணியின் கணவர். சட்டைப் பொத்தானையே இரண்டு தரம் சரிபார்க்கிற மனிதர். ஏன் என்று அவள் கேட்காத நாளில்லை. அவர் பதில் சொன்னதில்லை. ராத்திரி மட்டும் கட்டுப் போட்ட கண்ணோடு கேட்பார்: "லைட் எரியுதா?" எல்லாம் அணைச்சாச்சு, தூங்குங்க என்பாள் இவள். உடனே அழுவார். சின்னப் பிள்ளைபோல, சத்தம் வராமல்.

அவருடைய கண்ணை வாங்கிய இந்தப் பெட்டி அவர் தங்கையின் கண்ணையும் வாங்கக் கூடாது. அதற்காகத்தான் அண்ணி இன்று தானே கூட வந்திருந்தாள்.

சுவரில் மாட்டியிருந்த பேச்சுப் பெட்டி கரகரத்தது. கீழே மின் அறையில் இருப்பவர். மூக்காலேயே பேசுவதால் மூக்கடைப்பு என்று பெயர். "அண்ணி, பன்னெண்டு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கணும், கட்டடம் முழுக்கக் கரண்டு போயிடும். மேல ஆள் இருக்கீங்களா?"

அண்ணி பத்தடி நடந்துபோய்ப் பேச்சுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். "இருக்கோம் ஐயா. அதுக்குள்ள முடிச்சிடுவோம்."

"இறக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுப்பேன். பதில் வந்தா நிறுத்தி வைப்பேன். வரலைன்னா ஆள் இல்லைன்னு எடுத்துக்குவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"உங்களைத் திட்ட இன்னைக்கு நேரமில்லை. திட்டறதுக்கு இங்கேயே ஒருத்தி இருக்கா."

அண்ணி பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே கைவிட்டு டேப்பைப் பிய்த்தாள். ஒரு சுற்று இரண்டு சுற்று இல்லை. அடிபட்ட விரலுக்குக் கட்டுப்போட்ட மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு முழுச் சுருளையும் சுற்றியிருந்தார். பிய்க்கப் பிய்க்க வந்தது.

"விட்டுடலாம் அண்ணி. அண்ணன் காரணமில்லாம செய்ய மாட்டார்."

"காரணத்தை அவர் வாயால சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்."

கடைசிச் சுற்றும் கையோடு வந்தது. பொத்தான் வெளியே துள்ளியது. ஊதா அணைந்தது.

உள்ளே, இருட்டில், தேங்கிய தண்ணீரில் ஏதோ ஒன்று காலை மாற்றி வைத்ததுபோல ஒரு சத்தம். பிளக்.

"தண்ணி சொட்டுது" என்றாள் அண்ணி. ஊசி எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னோம் என்று அண்ணிக்கே தெரியவில்லை.

ஊசி பாதுகாப்பு உடுப்போடும் கண்ணாடியோடும் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தாள். ஓர் ஆள் நகரும் சந்துதான். இடப்பக்கம் விளக்குகள், வலப்பக்கம் காயில், காலடியில் கணுக்காலளவு தண்ணீர். ஈரத்துணியையும் கருகிய தூசியையும் சேர்த்துச் சுருட்டி வைத்த வாடை வெளியே வந்து அண்ணியின் தொண்டையில் உட்கார்ந்தது.

"அண்ணி, காயில் புதுப் பாத்திரம் மாதிரி பளபளன்னு இருக்கு. ஒரே ஒரு இடத்துலதான் கறுப்பு." நெற்றி விளக்கின் வெளிச்சம் மேலும் கீழும் அலைந்தது. "இங்க வந்து பாருங்களேன்."

அண்ணி தலையை நீட்டினாள். சந்தின் கடைசியில் வெள்ளித் தகடுகளின்மேல் பூஞ்சை தடித்து வளர்ந்திருந்தது. உருண்டையாக ஒரு தலை. சரிந்த தோள்கள். கதவுப் பக்கம் நீண்ட ஒரு கை.

"லைட் படாத இடத்துலதானே பூஞ்சை வளரும்?" என்றாள் ஊசி. "இங்க மறைக்க ஒண்ணுமே இல்லையே."

"உங்க அண்ணன் நின்னிருப்பார்."

"இவ்வளவு தடிமனா வளர ரெண்டு மூணு மாசம் ஆகும் அண்ணி. ரெண்டு மூணு மாசம் அசையாமலா நின்னார்?"

"துடைச்சிட்டு வெளியே வாடி."

பிரஷ் தேய்க்கும் ஓசை. கறுப்புக் குழம்பு தண்ணீரில் விழும் ஓசை. கால்மணி நேரத்தில் ஊசி வெளியே வந்தாள், உடையெல்லாம் கரி. விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்க அண்ணி கதவைச் சாத்தினாள். கண்ணாடியைக் கழற்றிப் பையின்மேல் வைத்துவிட்டு, கதவில் பதித்திருந்த, ஊதாவின் கெடுதலைத் தடுக்கும் வட்டக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். நான்கும் எரிந்தன. காயில் மின்னியது.

தலை, தோள், நீண்ட கை. அதே இடத்தில்.

"சரியாத் துடைக்கலையாடி?"

"அண்ணி, நான் துடைச்ச இடத்துல நீங்க முகம் பார்க்கலாம்." ஊசி கதவைத் திறந்தாள். ஊதா அணைந்தது. நெற்றி விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் காயில் அப்பழுக்கில்லாமல் இருந்தது. பிளக்.

அண்ணி கதவைச் சாத்தினாள். பார்த்தாள். உருவம் இருந்தது. ஆனால் கடைசியில் இல்லை. கதவுப் பக்கமாக ஒரு முழம் வந்திருந்தது. கறை நகராது. நிழல்தான் நகரும். நிழல் விழ விளக்குக்கும் காயிலுக்கும் நடுவில் யாராவது நிற்க வேண்டும். யாரும் நிற்கவில்லை. விளக்கு எரிந்தவரை அந்த நிழல் அசையவே இல்லை. அவள் நூறுவரை எண்ணிப் பார்த்தாள்.

"கிளம்பலாம்" என்றாள்.

"பிரஷ் உள்ளே கிடக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

"கிடக்கட்டும். வேற வாங்கிக்கலாம்."

"அதுக்கும் நீங்கதான் அப்புறம் சொல்லிக் காட்டுவீங்க." சிரித்துக்கொண்டே ஊசி கதவைத் திறந்து நுழைந்துவிட்டாள். அண்ணியின் கை அவள் தோளைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தது.

நெற்றி விளக்கு சந்தின் கடைசிவரை ஆடியபடி போனது. குனிந்தது. நழுவியது. தண்ணீரில் விழுந்து, ஒருமுறை மின்னி, அவிந்தது.

"போச்சு" என்றாள் ஊசி.

பிளக்.

"அங்கேயே நில்லு, நடக்காதே."

"நான் நடக்கலையே அண்ணி."

பிளக். பிளக்.

அப்போதுதான் அண்ணிக்கு அந்த டேப் புரிந்தது. சுற்றுச் சுற்றாக, ஒரு முழுச் சுருள். லைட் எரியுதா? லைட் எரியுதா? கதவு திறந்தாலும் அணையக் கூடாது என்றுதான் கட்டியிருக்கிறார். அணைத்தது அவள். தன் கையால், பத்திரமாக, பிய்த்துப் பிய்த்து.

கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள்.

ஊதா பொங்கியது. ஊசி கடைசியில் நின்றாள். கண்ணில் கண்ணாடி, உடம்பு முழுக்க உடுப்பு. காயிலில் அவள் நிழல். அதற்கு இந்தப் பக்கம், கதவுக்கும் அவளுக்கும் நடுவில், இன்னொரு நிழல். நீண்ட கை இப்போது கதவுப் பக்கம் நீளவில்லை. திரும்பியிருந்தது. அதன் விரல்கள் ஊசியின் நிழலுடைய தொண்டைக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றன.

ஊசியும் பார்த்துவிட்டாள். "அண்ணி, நடுவுல யாரும் இல்லையே. கழுத்து ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

"அசையாதே. வெளியே வரணும்னா உன் நிழல் அந்தக் கையைத் தாண்டணும். லைட் எரியறவரைக்கும் அதுவும் அசையாது. நான் விரலை எடுக்க மாட்டேன்."

"உங்க கண்ணு... கண்ணாடி எங்கே?"

பையின்மேல். பத்தடி தள்ளி. பையும், போனும், பேச்சுப் பெட்டியும், எல்லாம் பத்தடி தள்ளி. முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. திருப்பினால் அந்த விரல்களைப் பார்க்க முடியாது. இமைக்குள் மணல் விழுவதுபோல உறுத்தல் தொடங்கியது. கண்ணீர் வழிந்தது. கட்டைவிரல் வெளுத்தது. பிய்த்துப் போட்ட டேப் காலடியில் கிடந்தது. காலால் இழுத்து, குனிந்து மறுகையால் எடுத்து ஒட்டிப் பார்த்தாள். அழுக்கேறிய டேப். ஒட்டவில்லை. கதவைச் சாத்தவும் முதலில் விரலை எடுத்தாக வேண்டும்; அந்த ஒரு நொடி இருட்டு போதும் அதற்கு.

"அண்ணி, விட்டுடாதீங்க."

"விடமாட்டேன்டி தங்கம்."

அவளுக்குப் பின்னால் பேச்சுப் பெட்டி கரகரத்தது.

"ஐயா!" என்று கத்தினாள் அண்ணி. "இருக்கோம்! இறக்காதீங்க!" பெட்டியின் பொத்தானை அழுத்தாமல் இங்கிருந்து ஒரு சொல்கூடக் கீழே போகாது. தெரிந்தும் கத்தினாள். ஊசியும் கத்தினாள். தகரச் சுவர்கள் இரண்டு குரலையும் வாங்கி, திருப்பி அவர்களிடமே கொடுத்தன.

அந்தப் பக்கம் மூக்கடைப்பு இருமினார். காகிதம் புரளும் ஓசை. ஏதோ ஒரு பிடியில் கை வைக்கும் ஓசை.

"அண்ணி, மணி பன்னெண்டு. மெயினை இறக்கறேன், உள்ளே யாரும் இல்லையே?"