கண்ணாடிக்குப் பின்னால் இடது கை

அவள் வலது கையை நிறுத்திய பிறகும், கண்ணாடியில் தெரிந்த கை ஒருமுறை மூடித் திறந்தது.

கண் அசந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேய்க்குப் பயப்படுகிறவள் அல்ல; அவளுடைய பயமெல்லாம் பேராசிரியரிடம்தான். இயன்முறை மருத்துவப் படிப்பின் கடைசி வருடம், ஆய்வுப் பயிற்சிக்காக இந்த ஆய்வுக்கூடத்தில் போட்டிருந்தார்கள். அங்கே நடந்தது, பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கான கண்ணாடிச் சிகிச்சை. மேசை நடுவே கண்ணாடியை நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையை அசைக்கச் சொல்வார்கள். கண்ணாடியில் பார்த்தால் மறைந்த கையே அசைவதுபோல இருக்கும். மூளை ஏமாந்து, செத்த கையை எழுப்பப் பார்க்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு கையும் நன்றாயிருக்கும் ஒருவர் தேவைப்பட்டார். வந்துகொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். பேராசிரியர் கோபப்படக்கூட இல்லை.

"ஆள் இல்லன்னா ஆய்வு இல்ல. ஆய்வு இல்லன்னா உனக்கு இந்த வருஷமும் இல்லம்மா" என்றார்.

சோதிக்கிறவளே சோதனைக்கு உட்காரக் கூடாது என்பது முதல் பாடம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அவளே உட்கார்ந்தாள். பயிற்சி முடிந்ததும் மறைந்திருந்த கையை வெளியே எடுத்துத் தேய்த்து, கண்ணால் பார்க்க வேண்டும்; அப்போதுதான் ஏமாந்த மூளை நிஜக் கைக்குத் திரும்பும். நோயாளிகளிடம் தவறாமல் சொல்கிற அவளுக்கு, அதைச் சொல்ல யாரும் இல்லை. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் தினமும் அப்படியே பையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

முதலில் இடது கை விரல்கள்தான் சில்லிட்டன. பிறகு வீட்டில் தம்ளர் நழுவி விழுந்தது. அம்மா அந்தக் கையைத் தொட்டுவிட்டு, சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டாள். கைதானே இந்தத் தொழிலுக்கு மூலதனம். அது போனால் படித்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

மறுநாள் மாலை, கூடப் படிக்கும் நெட்டையைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். ஆய்வுக்கூடத்தில் மருந்தெண்ணெய் வாசனையும், மின்விசிறியின் கரகர சத்தமும், சுவரோரம் நிறுத்தியிருந்த ஊன்றுகோல்களின் நிழலும் என்றைக்கும்போலவே இருந்தன. உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவள் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைக் கண்ணாடிக்கு முன்னும் இடது கையைப் பின்னும் வைத்தாள். கண்ணை மூடினாள். நெட்டை இடது கையில் தொடும் பஞ்சு எந்த விரலில் படுகிறது என்று அவள் சொல்ல வேண்டும்.

உடனே தெரிந்தது. மிருதுவாக.

"சுண்டு விரல்" என்றாள். உயிரே திரும்பி வந்ததுபோல இருந்தது. "இப்ப மோதிர விரல். இப்ப விரலை நீட்டி விடற. கொஞ்சம் மெதுவாடி, வலிக்குது."

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"சரியா சொல்றேனா?"

"நான் இன்னும் பஞ்சையே எடுக்கலடி."

குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தாள். மேசைமேல் அவளுடைய வலது கை அசையாமல் கிடந்தது. கண்ணாடியில் தெரிந்த கை கிடக்கவில்லை. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. யாரோ பழக்கிவிடுவதுபோல. பொறுமையாக. அவள் நோயாளிகளுக்குச் செய்வாளே, அதே பக்குவம்.

இடது கையை இழுத்தாள். வரவில்லை. தோள் மட்டும் வந்தது.

"வெளிய எடு, கையை வெளிய எடுடி" என்று நெட்டை அழுதாள். கிட்டே வரவில்லை.

விரல்கள் முழுதாக விரிந்தன. அந்தக் கை எழுந்தது. அவளுடைய வலது கையை நோக்கி நகர்ந்து வந்து, உள்ளங்கையைக் கண்ணாடியின் உட்புறம் பதித்தது.

அவளுடைய வலது சுண்டு விரல் சில்லிட்டது. மோதிர விரல். நடுவிரல்.

கண்ணாடியில், பதிந்த விரல்களைச் சுற்றி, உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஆவி படர்ந்தது.