சோற்றுப் பானை ஏறிய படகு

போன வருடம் பள்ளிக்கூடத்துப் படவேட்டைக்கு நிருஷா கொண்டுபோனது கீழ்வீட்டுப் பூனையின் படம். பூனை சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தது. வகுப்பே சிரித்தது. பூனைக்கு அது தெரியாது. பத்து வயது நிருஷாவுக்குத்தான் தெரியும்.

படவேட்டைக்குத் துப்பாக்கி தேவையில்லை, கமரா போதும். கோடை விடுமுறையில் ஒரு காட்டு உயிரைத் தேடிப் போய்ப் படம் பிடித்து வர வேண்டும். கூண்டில் இருக்கும் விலங்குகள் செல்லாது. பூனையும் செல்லாது என்று ஆசிரியை இந்த வருடம் புதிதாகச் சேர்த்துச் சொன்னார். அப்போது எல்லாத் தலையும் நிருஷாவின் பக்கம் திரும்பியது.

அதனால் இந்த முறை அவள் மீன்கொத்தியைக் குறி வைத்திருந்தாள். நீல முதுகும் செம்மஞ்சள் வயிறுமாக, கையளவே இருக்கும் பறவை. கிட்டே போவதற்குள் பறந்துவிடும்.

"லான் ஆற்றில படகில போய், கரையில கூடாரம் போட்டு ரெண்டு நாள் இருப்பம்" என்று அப்பா சிறீதரன் சொல்லியிருந்தார். "எந்தப் படகு எண்டு நீயே முடிவு எடு."

நிருஷா மூன்று வாரங்களுக்கு முன்பே முடிவு எடுத்துவிட்டாள். கயாக். ஒல்லியான, சிவப்பான, சத்தமே போடாத கயாக்.

சனிக்கிழமை காலை டோர்ட்மண்டிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் வந்து, படகு வாடகைக்கு விடும் இடத்தில் இறங்கினார்கள். அப்பா காரின் பின்கதவைத் திறந்தார். கூடாரம், போர்வைகள், கறிச்சட்டி எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய அலுமினியப் பானை உட்கார்ந்திருந்தது. பத்துப் பேருக்குச் சோறு வடிக்கிற பானை.

"அம்மா, நாங்கள் நாலு பேர்தானே?"

"ஆரும் வந்தா?" என்றார் அம்மா கமலநாயகி.

"ஆத்தங்கரைக்கு ஆரம்மா வருவினம்?"

"வந்தா?"

இந்தக் கேள்விக்கு அவர்கள் வீட்டில் யாரும் இதுவரை பதில் கண்டுபிடித்ததில்லை.

படகுக்காரி மக்டலீன் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அவருடைய அப்பா வேட்டைக்காரராம். "நீங்கள் வேட்டைக்குப் போகிறீர்களா, கூடாரம் போட்டுத் தங்கவா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"ரெண்டுக்கும்" என்றாள் நிருஷா கமராவைக் காட்டி.

மக்டலீன் சிரித்தார். "அப்படியானால் கஷ்டம்தான். சத்தமில்லாமல் கிட்டே போகக் கயாக் நல்லது. பிடித்ததையும் சாமான்களையும் ஏற்றி வர, மேலே திறந்த கனூ நல்லது. என்னிடம் மிச்சம் இருப்பது இரண்டு பேர் போகிற கயாக் இரண்டு, நாலு பேர் போகிற கனூ ஒன்று. எதற்கும் முதலில் புல்லில் வைத்தே ஏறிப் பாருங்கள்."

நிருஷாவும் ஆறு வயதுத் தம்பி இளங்கீரனும் ஒரு சிவப்புக் கயாக்கில் பாய்ந்து ஏறினார்கள். கால்கள் இரண்டும் மூடிய பகுதிக்குள் வழுக்கிக்கொண்டு போயின. நிருஷா புல்லில் இருந்தபடியே துடுப்புப் போட்டாள். மீன்கொத்தி அவள் மனதில் அப்போதே வந்து உட்கார்ந்துவிட்டது.

மற்றதில் அப்பா பின்னாலும் அம்மா முன்னாலும் ஏறினார்கள். அம்மாவின் கால்கள் உள்ளே போனதும் அவருடைய இரண்டு கைகளும் விளிம்பை இறுக்கிப் பிடித்தன. ஆனால் முகம் சிரித்தது. பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிப்பதுபோல அந்தச் சிரிப்பு அசையாமல் நின்றது.

"எப்பிடி அம்மா?"

"நல்லா இருக்குப் பிள்ளை. எனக்கு எதெண்டாலும் சரி."

சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டார். அவசரத்தில் ஒரு செருப்பு கயாக்குக்குள்ளேயே தங்கிவிட்டது.

நிருஷாவுக்குச் சட்டென்று வீட்டு லிஃப்ட் நினைவுக்கு வந்தது. அவர்கள் வீடு ஐந்தாவது மாடி. அம்மா ஒருநாளும் அந்த மூடிய பெட்டிக்குள் ஏற மாட்டார். இரண்டு கையிலும் சாமான் பைகளோடு படியில்தான் ஏறுவார். கேட்டால், "படியில ஏறினா உடம்புக்கு நல்லது" என்பார். அன்று வரை நிருஷா அதை நம்பியிருந்தாள்.

அவள் இறங்கிச் சிவப்புக் கயாக்கைப் பார்த்தாள். அம்மாவின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். பிறகு காரருகே போய்ப் பானையைத் தூக்கி வந்து, கயாக்கின் சாமான் துவாரத்தில் வைத்து அமுக்கினாள். பானையின் அடி மட்டும்தான் உள்ளே போனது.

"அப்பா, பானை போகேலாது. கனூவே எடுப்பம்."

"பானையைக் காரில விட்டிட்டுப் போவம்" என்றார் அம்மா வேகமாக. "நீ எவ்வளவு ஆசைப்பட்டனீ."

"பானை இல்லாமல் சோறு என்னண்டு வடிக்கிறது? ஆரும் வந்தா?"

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு கூடாரத்தைத் தூக்கிக் கனூவில் வைத்தார்.

கனூ நல்ல படகுதான். ஆனால் வேட்டைப் படகு இல்லை. இளங்கீரன் பானை மூடியில் தாளம் போட்டான். மூடியைப் பிடுங்கினால் கமரா வேண்டும் என்று அழுதான். கமராவைக் கொடுத்தால் அப்பாவின் முதுகு, தன்னுடைய மூக்கு, பானை, மறுபடியும் பானை என்று படச்சுருளை ஏறக்குறையக் காலி செய்தான். நிருஷா கமராவைத் திரும்ப வாங்கியபோது மூன்றே மூன்று படங்கள் மிச்சம் இருந்தன.

ஒரு வளைவில் நீலமாக ஏதோ மின்னியது. அவள் கமராவைத் தூக்குவதற்குள் அது மறுகரைக்குப் போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது. கயாக்காக இருந்திருந்தால் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். அம்மா பானைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆற்றில் கையை அளைந்துகொண்டு, அப்பாவோடு ஏதோ கதைத்துச் சிரித்தார். இது பாஸ்போர்ட் சிரிப்பு இல்லை. நிருஷாவின் கோபம் பாதி போனது. மீதிப் பாதி போகவில்லை.

மாலையில் கரையோரத்து முகாமில் கூடாரம் போட்டார்கள். கோழிக்கறி கொதித்தபோது அதன் வாசம் அடுத்த கூடாரங்களுக்கும் போயிருக்க வேண்டும். சைக்கிளில் ஊர் சுற்றும் இரண்டு பேர் வந்து, "இது என்ன சமையல்?" என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் சோறு போட்டுக் கொடுத்தார். கடைசித் தட்டைக் கொடுத்துவிட்டு நிருஷாவை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி அம்மா, ஆக்கள் வந்தவைதான்" என்றாள் நிருஷா.

மறுநாள் காலை நிருஷா பல் துலக்கும் பிரஷோடு ஆற்றங்கரைக்கு வந்தாள். அம்மா தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். அடியில் ஒட்டியிருந்த பருக்கைகள் மிதந்து போக, குட்டி மீன்கள் கூட்டமாக வந்து அவற்றைக் கொத்தின. பக்கத்தில் பாதி கரையேற்றிய கனூவிலிருந்து ஒரு துடுப்பு தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மா கூப்பிடவில்லை. ஒரு விரலை மட்டும் மெதுவாக உயர்த்திக் காட்டினார்.

துடுப்பின் நுனியில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

நிருஷா வெறுங்காலோடு பின்னோக்கி நடந்து, கூடாரத்திலிருந்து கமராவை எடுத்து வந்தாள். அம்மா பானைக்குள் விட்ட கையை எடுக்கவே இல்லை. கன்னத்தில் ஒரு நுளம்பு கடித்தது, அதையும் அடிக்கவில்லை. பறவை தண்ணீருக்குள் பாய்ந்தது, மீனோடு வந்து திரும்பவும் துடுப்பில் உட்கார்ந்தது. நிருஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை அழுத்தினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை படங்கள் கழுவி வந்தன. அம்மாவும் நிருஷாவும் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு, சாமான் பைகளோடு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அதற்குமேல் நிருஷாவுக்குப் பொறுக்கவில்லை. லிஃப்டின் முன்னாலேயே உறையைப் பிரித்தாள். ஒன்றில் வெறும் வால். அடுத்தது ஒரே மங்கல். மூன்றாவதில், துடுப்பின் மேல், அலகில் மீனோடு நீல மீன்கொத்தி. கீழே ஒரு மூலையில் பானையின் வயிறும் அம்மாவின் கையும்.

லிஃப்ட் வந்து கதவைத் திறந்தது.

"நீ இதில போ பிள்ளை. நான் படியால வாறன்" என்றார் அம்மா.

நிருஷா அம்மாவின் கையிலிருந்து ஒரு பையை வாங்கிக்கொண்டு படியில் கால் வைத்தாள். "நானும் படியாலதான் வாறன். உடம்புக்கு நல்லது."

அம்மா நின்றுவிட்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எப்ப கண்டுபிடிச்சனீ?"

"நீங்கள் கயாக்கில இருந்து சிரிக்கேக்கை."

ஐந்து மாடியும் ஏறி முடிக்க அன்று வெகு நேரம் ஆனது. ஒவ்வொரு மாடியிலும் பையை இறக்கி வைத்துவிட்டு, இருவரும் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தார்கள்.