கொறித்த அட்டை

“நான் பொய் சொல்லல சார். ஆனா எனக்காகப் பேச ஒரு ஆள் கிடையாது” என்றாள் ஆராய்ச்சி மாணவி.

துப்பறிவாளர் தம் வழுக்கையைத் தடவிக்கொண்டு கேட்டார். பக்கத்தில் அவருடைய மச்சினன் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தான்.

விஷயம் இதுதான். முதுகு மழித்த எலிகள், இரண்டு கூண்டில். ஒரு கூண்டுக்கு மட்டும், முடிவேரை ஒட்டி ரத்தக்குழாய்கள் பெருகும்படி மருந்து கொடுத்தாள். ‘மருந்து’, ‘வெறும்’ என்று அட்டை எழுதி மாட்டினாள். வெள்ளிக்கிழமை ‘வெறும்’ கூண்டில்தான் முடி முளைத்திருந்தது. திங்கட்கிழமை வந்தால், ‘மருந்து’ கூண்டில்! வெள்ளிக்கிழமை கண்டது கட்டுக்கதை என்று பேராசிரியர் சாதித்தார். மாலைக்குள் ஆய்வகத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். ஆய்வகச் சாவி அவளிடமும் பேராசிரியரிடமும்தான் இருந்தது.

“ரத்தம் பாஞ்சா முடி வளரும், இது யாருக்குத்தான் தெரியாது? உங்க மண்டையில நான் தேய்க்காத எண்ணெயா மாமா?” என்றான் மச்சினன்.

“தேய்ச்சு என்னடா முளைச்சுது?” என்று எழுந்தார் துப்பறிவாளர்.

ஆய்வகத்தில் பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. துப்பறிவாளர் கூண்டுகளைக் குனிந்து பார்த்தார். முடி முளைத்த எலிகளின் கூண்டில் முன்கம்பி வளைந்து, அட்டைக் கொக்கி எலி வாய்க்கு எட்டியது. மற்றதில் எட்டவில்லை. ஆனால் எட்டாத கூண்டில் தொங்கிய ‘வெறும்’ அட்டையின் ஓரம் நன்றாகக் கொறிக்கப்பட்டிருந்தது.

“இந்த அட்டை முடி முளைச்ச கூண்டுல இருந்து வந்திருக்கு. கெடுக்க நினைக்கிறவன் எலியையே கொன்னிருப்பான். இவர் பொறுப்பா அட்டையை மட்டும் மாத்தி மாட்டியிருக்கார். தப்பைத் திருத்துறதா நினைச்சிருக்கார். ரத்தம்னா முடின்னு அடிச்சு நம்புறவர்...”

“ஐயோ, நான் இல்ல மாமா!”

“சாவியும் வெச்சிருக்கிறவர்டா.”

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஞாயித்துக்கிழமை வந்தேன். இந்தப் பொண்ணு மாத்தி மாட்டிட்டான்னு நினைச்சு நானே சரி பண்ணேன். அப்புறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“அப்போ ரத்தக்குழாய் பக்கத்துல இருந்தும் ஏன் முடி வரல?” என்றான் மச்சினன்.

“முடிவேருல ஸ்டெம் செல் இருக்கு. புது முடிக்கு அதுதான் விதை. ரத்தக்குழாய் ஒட்டியே இருந்தா, ‘தூங்கு’ன்னு அதுக்குச் சேதி போகுதுன்னு நினைக்கிறேன். விலகினாத்தான் அது முழிக்கும்” என்றாள் அவள்.

“நீ இங்கேயே இரும்மா” என்றார் பேராசிரியர், தலை நிமிராமல்.

எல்லோரும் போனபின் அவள் கைபேசியை எடுத்தாள். ஜெயித்ததைச் சொல்ல யாருமில்லை. அந்தத் தனிமை அவளுக்கு வலித்தது. அட்டைகளை மாற்றி மாட்டினாள். கொறித்த ஓரத்தை எலி மறுபடி எட்டிப் பிடித்தது.

“எனக்காகப் பேசினது நீ ஒருத்தன்தான்டா” என்றாள்.

வளைந்த கம்பியை அவள் நிமிர்த்தவில்லை.