முத்திரை குத்திய பன்றி

சில்வண்டு என்ன படம் வரைந்தாலும், அது என்னவென்று அதுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. யானை வரைந்தால், "கெட்டில் அழகா இருக்கே!" என்பார்கள். கப்பல் வரைந்தால், "இது யாரோட செருப்பு?" என்பார்கள். ஆனால் அந்தப் பன்றியை மட்டும், கட்டடத்திலிருந்த பதினாறு வீட்டுக்காரர்களும் பார்த்தவுடனே பன்றி என்று சொல்லிவிட்டார்கள்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சில்வண்டுக்குப் பத்து வயது. வாய் ஓயாததால் வந்த பட்டப்பெயர் அது. அவள் வீடு இரண்டாம் மாடியில். அதற்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில், அவளுடைய உயிர்த்தோழி அணில். முன்பல் இரண்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அணிலின் அப்பா லாரி ஓட்டுநர். அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருவார்.

அன்று திங்கட்கிழமை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அணில் சொன்னாள்: "நீ எதை வரைஞ்சாலும் உருளைக்கிழங்குக்குக் கால் முளைச்ச மாதிரியே இருக்குடீ!"

வகுப்பே சிரித்தது. சில்வண்டுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

முந்தின வாரம்தான் பள்ளியில் பன்றிக் காய்ச்சல் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அன்று காலைதான் அணிலின் அப்பா தொலைதூரம் போய்த் திரும்பி, படியேறும்போது இரண்டு தும்மல் போட்டிருந்தார். போதாதா? மாலையில் சில்வண்டு பெரிய தாள் ஒன்றை எடுத்தாள். முகக்கவசம் போட்ட பன்றி ஒன்றை வரைந்தாள். அடியில் எழுதினாள்: 'மூன்றாம் மாடி, இடது வீடு. பன்றிக் காய்ச்சல்! கிட்டே போகாதீர்!'

அணிலிடம் காட்டி வெறுப்பேற்றத்தான் வரைந்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் பலகையில் எந்தத் தாள் ஒட்டினாலும், குடியிருப்போர் சங்கத்தின் வட்ட முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இருந்துவிட்டால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். ஒருமுறை 'இன்று தண்ணீர் வராது' என்று தவறாக ஒட்டிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் எல்லோரும் குளிக்காமலே வேலைக்குப் போனார்கள்.

முத்திரை குத்துவது காவலாளி அண்ணனின் வேலை. அவருக்குக் கண் மங்கல். கண்ணாடியைப் பத்திரமாக எங்கேயோ வைத்துவிட்டு, ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். அதனால் மாலையில் சில்வண்டுதான் குத்திக் கொடுப்பாள்.

அன்றும் சங்கத் தாள்களில் குத்தினாள். கையோடு கொண்டுவந்திருந்த பன்றிக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க, அதன் வயிற்றிலும் ஒன்று குத்தினாள். அந்த நேரம் அம்மா கூப்பிட, தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

முத்திரை இருந்ததையெல்லாம் காவலாளி அண்ணன் பலகையில் ஒட்டிவிட்டார்.

மறுநாள் காலை சில்வண்டு இறங்கி வந்தபோது, பலகை முன்னால் கூட்டம்.

"ஐயையோ, பன்றி!" என்றார் ஒருவர்.

சொன்னால் வெட்கம், சில்வண்டுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பன்றி என்று கண்டுபிடித்துவிட்டார்களே!

அப்போது படியில் அணிலின் அப்பா இறங்கி வந்தார். சட்டை மாட்டி, தலை வாரியிருந்தார். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது.

சங்கச் செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குறுக்கே நின்றார். "எங்க கிளம்பிட்டீங்க?"

"டாக்டரைப் பாக்கத்தான் சார்."

"நீங்க இறங்கிப் போனா ஊருக்கே பரவுமே! முத்திரை போட்டு ஒட்டியிருக்கு, தெரியலையா? மேல போங்க, போங்க."

அணிலின் அப்பா பலகையைப் பார்த்தார். சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. திரும்பி மெதுவாகப் படியேறினார்.

'சார், அது நான் வரைஞ்சது' என்று சொல்ல ஒரு நொடி போதும். நாள் முழுக்க ஓயாத வாய், அந்த ஒரு நொடி மட்டும் பூட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு பால்காரர் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். மின்தூக்கி மூன்றாம் மாடியில் நிற்கக் கூடாது என்று உத்தரவு. அணில் பள்ளிக்கு வரவில்லை. 'நாளைக்குச் சொல்லிடலாம்' என்று சில்வண்டு புதன்கிழமை நினைத்தாள். வியாழக்கிழமையும் அதையே நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, மேல் பால்கனியிலிருந்து அணிலின் குரல் கேட்டது. அழுகைக் குரல்.

"டீ! அப்பாவுக்கு மூச்சு வாங்குதுடீ. யாரும் கதவையே திறக்க மாட்டேங்கறாங்க!"

சில்வண்டு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள். பன்றியைப் பிய்த்து எறிந்தாள். கிழித்த இடத்தில், அடியில் இன்னொரு தாள் தெரிந்தது. சுகாதாரத் துறை ஒட்டியது. 'காய்ச்சல், இருமல், தொண்டை வலியா? வெளியூர் போய் வந்தவரா? வீட்டில் தனியாக இருங்கள். இந்த எண்ணில் அழையுங்கள், நர்ஸ் வருவார். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.'

நான்கு நாளாக அந்த எண் பன்றியின் வயிற்றுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

காவலாளி அண்ணனின் தொலைபேசியில் அழைத்தாள்.

"சொல்லும்மா, யாருக்கு என்ன?" என்றது ஒரு பெண் குரல்.

"மேல் வீட்டு மாமாவுக்கு. நாலு நாளா காய்ச்சல். லாரி ஓட்டிட்டு வெளியூர்லேர்ந்து வந்தவரு. இப்ப மூச்சு வாங்குது."

"வண்டி அனுப்பறேன், முகவரி சொல்லு. நீ உள்ள போகாதே. கூட இருக்கறவங்க மூக்கையும் வாயையும் மூடிக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைக்கட்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும்."

சில்வண்டு முற்றத்தில் நின்று ஒவ்வொன்றாக மேலே பார்த்துக் கத்தினாள். அவள் வாய்க்கு அன்றுதான் உருப்படியான வேலை கிடைத்தது.

வண்டி வந்து அணிலின் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. மதியம் அணிலின் அம்மா ஓடி வந்தார். அணிலைப் பார்த்த நர்ஸ், அவளுக்கு இன்னும் காய்ச்சல் இல்லை, ஆனாலும் ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. அது பன்றிக் காய்ச்சலேதான். மருந்து கொடுத்திருக்கிறார்கள், பிழைத்துக்கொள்வார்.

செயலாளர் பலகை முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீங்களா? நம்ம சங்கத்து முத்திரை பொய் சொல்லுமா?"

"சார்," என்றாள் சில்வண்டு. "அது சங்கம் ஒட்டினது இல்ல. அணில் மேல கோவத்துல நான் வரைஞ்சது. முத்திரையும் நான்தான் குத்தினேன். அடியில இருந்த தாள்ல கூப்பிடச் சொல்லி நம்பர் இருந்தது. அதை என் படம் மறைச்சிடுச்சு. நீங்க மாமாவைப் படியிலேயே திருப்பி அனுப்பிட்டீங்க."

செயலாளர் மேலே பார்த்தார். "ஒட்டடை ரொம்ப இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சில்வண்டு சுகாதாரத் துறைத் தாளை நான்கு பிரதி எழுதினாள். படம் எதுவும் வரையவில்லை. மாடிக்கு ஒன்றாக ஒட்டினாள். முத்திரையும் குத்தவில்லை. இந்தத் தடவையாவது படித்துப் பார்க்கட்டும்!

ஆனால் ஒரு கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. நான் அதை வரையாமல் இருந்திருந்தால்?

அம்மாவிடம் கேட்டாள். "முதல்ல சாப்பிடு."

காவலாளி அண்ணனிடம் கேட்டாள். "குழந்தைதானே நீ, விடு."

அணிலைப் பார்க்க மறுபடி வந்த நர்ஸிடம் கேட்டாள். "நல்லவேளை கூப்பிட்டே!"

தினமும் பள்ளிப் பாடத்தை ஒரு கூடையில் வைப்பாள். மேல் பால்கனியிலிருந்து கயிறு இறங்கும். கூடை ஏறும், திரும்பி வரும். உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. அணில் எட்டியும் பார்க்க மாட்டாள்.

ஏழாம் நாள், கூடைக்குப் பின்னால் இரண்டு முன்பற்கள் தெரிந்தன.

"அப்பா நாளைக்கு வர்றாரு," என்றாள் அணில்.

சில்வண்டு அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "நான் அந்தப் பன்றியை வரையாம இருந்திருந்தா, மாமா முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரா?"

அணில் ஒட்டடையைப் பார்க்கவில்லை. நேராக அவள் கண்ணைப் பார்த்தாள்.

"போயிருப்பாரு. மூணு நாள் முன்னாடியே. தலையெல்லாம் வாரிக்கிட்டுத்தானே கீழ இறங்கினாரு. உன்னாலதான்டீ திரும்பி வந்தாரு."

சில்வண்டுக்கு வலித்தது. ஆனால் ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்த கேள்விக்குக் கடைசியில் பதில் கிடைத்துவிட்டது.

"கோவமா இருக்கியா?"

"ஆமா. நாளைக்கும் கோவமாத்தான் இருப்பேன்," என்றாள் அணில், கயிற்றை இழுத்தபடி. "நாளைக்கும் கூடையை அனுப்பு."