வியர்த்த சீசா

மழை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், நெலிதா துவானாமா அன்றைக்கும் அந்த வாசலோடு திரும்பிப் போயிருப்பாள். பெலேன் சந்தைக்கு மேலே, மரக்கால்களில் நிற்கும் வீட்டின் மாடியில், துறைமுகப் போலீசிலிருந்து ஓய்வுபெற்றவரும் எல்லாரும் மரியாதையாகத் ‘தோன்’ என்று அழைப்பவருமான லிசார்தோ ரெங்கிஃபோ வாழைக்காய்த் தோல் உரித்துக்கொண்டிருந்தார். படியேறி வந்தவளை முதலில் பார்த்தவள் அவருடைய தங்கை மகள் பிரிசீலா. நாற்பதைத் தாண்டியும் துறுதுறுப்பு அடங்காதவள். ஊருக்குள் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவள். சவாரி இல்லாத நேரமெல்லாம் மாமாவின் வழக்குகளில் மூக்கை நுழைக்கிறவள்.

“வாங்க வாங்க! மாமா, நான் சொல்லல? நேத்து கீழ நின்னு நம்ம படியை முறைச்சுட்டுப் போனாங்களே, அவங்கதான்.”

“அவங்களை உக்கார விடு,” என்றார் தோன் லிசார்தோ. “முதல்ல தலையைத் துவட்டிக்கங்கம்மா. மழை விடற வரைக்கும் நேரம் இருக்கு.”

துண்டை மடியில் வைத்துக்கொண்டு நெலிதா சொல்லத் தொடங்கினாள். ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். படித்து முடித்த நாளிலிருந்து வேறு வேலை தெரியாது.

“எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு, தோன் லிசார்தோ. ஈரல்ல தங்குற வைரஸ். போகவும் போகாது, மாத்திரை போட்டா ஆளைக் கொல்லவும் கொல்லாது. தினம் ஒண்ணு போடுறேன். ரத்தத்துல தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கு. எங்க டைரக்டர் டாக்டர் பாந்துரோவுக்கு மட்டும் தெரியும். தாராளமா பிரசவம் பாக்கலாம்னு அவரேதான் சொன்னாரு.”

“அப்புறம்?”

“சான் குவான் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாத்திரை சீசா ஆஸ்பத்திரியில என் அலமாரியிலயே தங்கிப்போச்சு. கையிருப்பு வீட்ல இருந்ததால கவலைப்படல. திரும்பி வந்து பாத்தா, ஊரே என்னைப் பாக்குது. நான் இல்லாதப்போ அந்தச் சீசா நர்ஸுங்க ரூம் மேஜை மேல கிடந்திருக்கு. மேல என் பேரு, மருந்து பேரு. வியாதி பேரு கிடையாது. அதே மாத்திரையை எய்ட்ஸுக்கும் தர்றாங்க. சாயங்காலத்துக்குள்ள எனக்கு எய்ட்ஸுன்னு முடிவு கட்டிட்டாங்க.”

“அலமாரிப் பூட்டு?”

“உடைக்கல. சாவி என் கோட்டுப் பையில இருக்கும். கோட்டு நர்ஸுங்க ரூம் ஆணியில தொங்கும். அன்னிக்கு டியூட்டியில மூணே பேருதான். தலைமை நர்ஸ் சொராய்தா, உதவி நர்ஸ் மர்லித், தடுப்பூசி போடுற எவுலாலியா.”

டைரக்டர் ஊர்ப் பேச்சுக்குப் பயந்துபோய், விசாரணை முடியும்வரை அவளைக் கருவிகள் கொதிக்க வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்.

“யாரு செஞ்சாங்கன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டார் தோன் லிசார்தோ.

நெலிதா துண்டை மடித்து ஓரமாக வைத்தாள். வேறொன்றைச் சொன்னாள்.

“அந்த ரூமுக்கும் பிரசவ வார்டுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். குழந்தை வெளிய வந்ததும் ஒரு கணம் சத்தமே இருக்காது. அப்புறம்தான் அழும். அந்த ஒரு கணத்துல என் கை தன்னால முன்னால போகுது. போயி கொதிக்கிற தட்டுல இடிக்குது.” மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். பழைய தழும்பின் மேல் புதிய தழும்பு. “எனக்கு அந்தக் கணம் திரும்ப வேணும். அவ்வளவுதான்.”

தோன் லிசார்தோ அந்த மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வாழைக்காயை எடுத்தார்.

“நீங்க ஊர்லேருந்து திரும்பினதும் ஒவ்வொருத்தரும் உங்ககிட்ட என்ன சொன்னாங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க.”

“சொராய்தா, ‘நான் என் கடமையைச் செஞ்சேன்’னாங்க. மர்லித், ‘எய்ட்ஸை வச்சுக்கிட்டா எங்ககூட ஒரே தட்டுல தின்னே?’ன்னு கத்தினா. எவுலாலியா ஒருத்திதான் மனுஷி. மத்தியானம் கொதி அறைக்கே சாப்பாடு கொண்டு வந்தா. ‘பொரிச்சது உன் ஈரலுக்கு ஆகாது, மீனை அவிச்சே எடுத்துட்டு வந்தேன், சாப்பிடு’ன்னா. அவ முன்னாடிதான் அழுதேன்.”

வாழைக்காய் உரித்த கத்தி நின்றது. “சீசாவுல மாத்திரை எப்பவாச்சும் குறைஞ்சிருக்கா?”

“ஆமா. கொஞ்ச மாசமா மாசக் கடைசில இடிக்குது. மறதியில நானே ரெண்டு போட்டுட்டேனோன்னு நினைச்சேன்.”

மழை விட்டதும் மூவரும் பிரிசீலாவின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தலைமை நர்ஸ் சொராய்தா பினேதோ வார்டு வாசலிலேயே அவர்களை மறித்தாள்.

“நான் யாரு பையையும் நோண்டல. சீசா நடு மேஜையில இருந்துச்சு. லேபிள் ஒரே ஈரம். கைக்குட்டையால துடைச்சாத்தான் எழுத்தே தெரிஞ்சுது.”

“யாராவது தண்ணி கொட்டியிருப்பாங்களோ?” என்றார் தோன் லிசார்தோ.

“மேஜை காஞ்சு கிடந்துச்சு. சீசாவைச் சுத்தி மட்டும் வட்டமா ஈரம். கையில எடுத்தா ஜில்லுன்னு இருந்துச்சு.”

“இந்த ரூம்ல ஃபிரிட்ஜ் இருக்கா?”

“ஃபிரிட்ஜா! ஐயா, ஃபேனே சுத்த மாட்டேங்குது!”

உள்ளே மர்லித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நெலிதாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எய்ட்ஸ் கவுன்ட்டர்ல அந்த மாத்திரையைக் குடுக்கிறதை என் ரெண்டு கண்ணாலயும் பாத்திருக்கேன்,” என்றாள் விறைப்பாக.

அப்போது படகுத்துறையிலிருந்து எவுலாலியா சங்காமா வந்தாள். ஆற்றோரக் கிராமங்களில் ஊசி போட்டுவிட்டு வருகிற களைப்பு நடையில் தெரிந்தது. தோளில் தடுப்பூசிக் குளிர்பெட்டி. அறைக்குள் வந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. நெலிதாவின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடியே தன் அறைக்குப் போனாள்.

ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் பிரிசீலா பொங்கினாள். “மர்லித்தேதான், மாமா! வாயா அது? படகு மோட்டார்! நாளைக்கு டைரக்டர் ரூம்ல மூணு பேரையும் வரிசையா உக்கார வச்சு, நீங்க அப்படியே நடந்து நடந்து—”

“நடந்தா முட்டி வலிக்குது. மர்லித் சீசாவைப் பாத்துட்டு என்ன நினைச்சா?”

“எய்ட்ஸுன்னு.”

“சொராய்தா?”

“அதேதான் நினைச்சிருப்பாங்க. ஊர் முழுக்க அதுதானே பேச்சு.”

“ஊர் முழுக்க எய்ட்ஸுன்னு பேசறப்போ, ஒருத்தி மட்டும் ஈரலுக்கு ஆகாதுன்னு மீனை அவிச்சுக் கொண்டு வந்தா.”

நெலிதா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தச் சாப்பாட்டின் ருசி இன்னும் அவள் நாக்கில் இருந்தது. அந்த ஒரு ஆறுதலையும் இந்த மனிதர் பிடுங்கப் போகிறார் என்று புரிந்தது.

அவர் தொடர்ந்தார். “ஜில்லுன்னு இருக்கிற பொருளை இந்த ஊர்க் காத்துல வச்சா வியர்க்கும். சீசாவும் வியர்த்திருக்கு. அப்படின்னா குளிர்ச்சியான இடத்துலேருந்து அப்பத்தான் மேஜைக்கு வந்திருக்கணும். உங்க வார்டுல யார் கையில குளிர் இருக்கு?”

“குளிர்பெட்டி,” என்றாள் நெலிதா. “அதை எவுலாலியா தவிர யாரும் திறக்க மாட்டாங்க.”

“அடிப்பாவி!” என்றாள் பிரிசீலா. “முதுகுல குத்திட்டு மீன் ஊட்டினாளா?”

“அவசரப்படாதே. அவமானப்படுத்தணும்னு நினைக்கிறவ சீசாவை எடுத்து ஒரே ஒரு தடவை மேஜையில வச்சாப் போதும். மாசக் கணக்கா ஒண்ணு ரெண்டுன்னு மாத்திரை எடுக்க மாட்டா. மாத்திரை எடுக்கிறவளுக்கு மாத்திரைதான் வேணும்.”

நெலிதாவுக்குள் இருந்த நர்ஸ் அதற்கு மேல் அவரைப் பேசவிடவில்லை. அறைக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. சுவரைப் பிடித்த நடை. இந்த மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் பிரயோசனமில்லை. திடீரென்று நின்றால் அடங்கிக் கிடந்த வைரஸ் சீறிக்கொண்டு எழும். நெலிதாவைக் கொதி அறைக்கு மாற்றிய நாளிலிருந்து அலமாரியில் சீசா இல்லை.

“அவ கண்ணு மஞ்சளாயிருக்கும்,” என்று எழுந்தாள். “அதான் கண்ணாடி.”

“டைரக்டர்கிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டார் தோன் லிசார்தோ. “இல்ல, யாருமே சொல்ல வேண்டாமா? உங்களுக்கு நடந்ததை அவளுக்கும் நடத்த எனக்கு மனசில்ல. ஆனா வழக்கு உங்களோடது.”

அவள் ஆஸ்பத்திரிக்குள் நடந்தாள்.

தடுப்பூசி அறையில் எவுலாலியா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். நெலிதா கதவைச் சாத்திவிட்டு, அவள் கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

“எத்தனை நாளா?”

எவுலாலியா மறுக்கவில்லை. மறுக்க உடம்பில் தெம்பு இல்லை.

“போன வருஷம் ஊசி கையில குத்திடுச்சு. ரத்தம் பாத்தப்போ தெரிஞ்சுது. அந்த ஊசியால வந்ததில்லடி, பொறந்தப்பவே வந்திருக்கு. எங்கம்மா வயிறு வீங்கி எப்படிச் செத்தாங்கன்னு உனக்குத் தெரியும்ல? நீ காலையில ஒரு மாத்திரை போடறதைப் பாத்தேன். அது என்னன்னு படிச்ச அன்னிக்கே உனக்கும் எனக்கும் ஒண்ணுதான்னு புரிஞ்சுது.”

“எப்படி? எய்ட்ஸுக்கும் அதைத்தானே தர்றாங்க?”

“அதுக்கு அது ஒண்ணு மட்டும் குடுக்க மாட்டாங்கடி, கூட வேற மருந்தும் சேரும். என் வியாதியைப் பத்திப் படிச்சுப் படிச்சு இதெல்லாம் மனப்பாடம்.”

“கவுன்ட்டர்ல போய்க் கேட்டிருக்கலாமே?”

“அந்தக் கவுன்ட்டர்ல யார் நிக்கிறாங்கன்னு மர்லித் தினமும் எட்டிப் பாக்குறா. வேலை போயிட்டா? எங்க ஆத்தங்கரை ஜனங்க பெத்த பிள்ளைங்களுக்கெல்லாம் இந்த வைரஸ் வராம ஊசி போடுறேன், நெலிதா. எனக்குப் போட அன்னிக்கு யாரும் வரல.” மூச்சு வாங்கினாள். “திருவிழா அன்னிக்கு சீசாவையே எடுத்துக் குளிர்பெட்டியில போட்டுக்கிட்டுப் படகேறிட்டேன். திரும்பி வந்து உன் அலமாரியில வைக்கலாம்னு கையில எடுத்த நிமிஷம், பிரசவம் சிக்கலாயிருக்கு, ஓடியான்னு சொராய்தா கூப்பிட்டா. நீ இல்லைல்ல. மேஜையில வச்சுட்டு ஓடினேன். வந்து பாத்தா அது அவ கையில.”

“அப்பவே வாயைத் திறந்திருக்கலாம்.”

“தினமும் திறக்கணும்னுதான் வந்தேன். சாப்பாட்டைத்தான் நீட்ட முடிஞ்சுது.”

நெலிதாவுக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நாடி பார்த்தாள். பிறகு பிரிசீலாவை அழைத்தாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிவரை அந்த வண்டி ஒரு பள்ளத்தில்கூடக் குலுங்காமல் போனது. வண்டி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து பிரிசீலா இப்படி ஓட்டியதே இல்லை.

மறுவாரம் டைரக்டர் அறையில் எல்லாரும் கூடினார்கள். தோன் லிசார்தோ மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பேசியது நெலிதா.

“எனக்கு இருக்கிறது ஹெபடைடிஸ் பி. எய்ட்ஸா இருந்தாலும் வெக்கப்பட ஒண்ணுமில்ல, ஆனா இதுதான் உண்மை. வைரஸ் அடங்கியிருக்கு, நான் பிரசவம் பாக்கலாம்னு டாக்டர் பாந்துரோ என் முகத்தைப் பாத்துச் சொன்னாரு. இப்போ உங்க எல்லார் முகத்தையும் பாத்து அவரே சொல்லட்டும்.”

டாக்டர் பாந்துரோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார். வேறு வழியில்லை, அது உண்மை.

“சீசாவை எடுத்தது யாரு?” என்றாள் மர்லித்.

“மருந்து தேவைப்பட்ட ஒருத்தர். அதுக்கு மேல கேக்காதீங்க.”

மர்லித் வாய் திறந்தாள். எவுலாலியா வழக்கமாக உட்காரும் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள்.

சொராய்தா நெலிதாவின் பக்கம் திரும்பினாள். “இத்தனை வருஷம் உன் பக்கத்துல நின்னேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?”

“தெரிஞ்சதும் என்னை எங்க அனுப்பினீங்க, அக்கா?”

சொராய்தா தலையைக் குனிந்துகொண்டாள். “திங்கட்கிழமை காலை உனக்கு வார்டு டியூட்டி,” என்றாள்.

எவுலாலியா பிழைத்தாள். மஞ்சள் வடிய நாள் பிடித்தது. இப்போது அவளுக்கென்று அவள் பெயரிலேயே மருந்து வருகிறது. அவள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. வாசலில் படகு மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்காருகிறாள் என்று, பார்க்கப் போகிற பிரிசீலா வந்து சொல்வாள்.

திங்கட்கிழமை, முதல் பிரசவத்துக்கு வந்தவள் சின்னப் பெண். தலைப்பிள்ளை. நெலிதா கையுறை மாட்டிக்கொண்டு அருகில் போனதும் அவள் கால்களை இழுத்துக்கொண்டாள்.

“வியாதி இருக்கிற நர்ஸுன்னு சொன்னாங்களே, அது நீங்களா?”

“நான்தான்மா. உனக்கும் பிள்ளைக்கும் என்னால ஒண்ணும் வராது. வேணாம்னா சொல்லு, வேற நர்ஸை வரச் சொல்றேன்.”

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ சொல்ல உதட்டைப் பிரித்தாள். அதற்குள் வலி வந்துவிட்டது. கையில் அகப்பட்டதைப் பிடித்தாள். அது நெலிதாவின் மணிக்கட்டு. வலி தணிந்த பிறகும் அவள் பிடியை விடவில்லை.