மஞ்சள் பையின் முடிச்சு

ஆபரேஷன் அறையில் பிள்ளை யாரும் இல்லை. ஆனாலும் குறட்டை கேட்டது.

காலை பத்து மணி. டெட்டால் நெடியும் ஆவியில் வெந்த துணியின் வாடையும் கலந்து நின்ற அந்த அறையில், கத்தரிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் ஏஞ்சலுக்கு அந்த ஈரக் குறட்டை யாருடையது என்று உடனே தெரிந்துபோனது. மேலநீலிதநல்லூர் காவியா. ஆறு வயது. பதினைந்து நாளைக்கு முன் இதே குறட்டையோடு வந்து, இதே மேசையில் டான்சில் எடுத்த பிள்ளை.

டாக்டர் விஜயராஜ் பிள்ளைகளின் டான்சிலை லேபுக்கு அனுப்புவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் சோதனை வீண், கழிவுக்கான மஞ்சள் பையில் போடு என்பார். காவியாவுக்கு வலது பக்கம் மட்டும் நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. "இதை லேபுக்கு அனுப்பிருமா, புத்துநோயா இருந்துரக் கூடாது" என்றார். சரி என்று தலையாட்டிய ஏஞ்சல், பழக்கதோஷத்தில் அதையும் மஞ்சள் பையில் போட்டு இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டாள். நினைவு வந்தபோது கழிவு வண்டி போயிருந்தது.

சொல்ல வெட்கம். அடுத்த பிள்ளையின் டான்சிலைப் பாட்டிலில் போட்டு, காவியா பெயரை ஒட்டி அனுப்பினாள். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. அன்றிலிருந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

குறட்டை மூலையிலிருந்த வாளிக்குள்ளிருந்து வந்தது. மூடியைத் திறந்தாள். காலையில் அவளே விரித்த புதுப் பை. உள்ளே ஒன்றும் போடவில்லை. ஆனால் வாய் கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு. அவள் போடுகிற முடிச்சு.

பை உப்பியது. சுருங்கியது. உப்பியது.

"சிஸ்டர்!"

டாக்டர் கூப்பிட்டார். அவர் அறையில் காவியாவும் அவள் அம்மா இசக்கித்தாயும் வந்திருந்தார்கள்.

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னுட்டாவ சிஸ்டர். அதுவரைக்கும் உசுரைக் கையில பிடிச்சிட்டுக் கெடந்தேன். நம்ம காட்டுல வெளஞ்ச கடலை, நீங்க வாங்கிக்கிடணும்" என்று மஞ்சப்பையை நீட்டினாள் இசக்கித்தாய்.

ஏஞ்சலுக்கு உடம்பெல்லாம் குன்றிப்போனது. இப்பவே சொல்லிரு. பிள்ளையைத் திரும்பச் சோதிக்கச் சொல்லு. பையை வாங்கிக்கொண்டாள்.

"டார்ச் அடிம்மா. ஆ காட்டு மக்கா." டாக்டர் குனிந்து பார்த்தார். "நல்லா ஆறிட்டு."

அவர் நகர்ந்தார். காவியா வாயை மூடவில்லை. ஏஞ்சலையே பார்த்தாள். இன்னும் அகலமாகத் திறந்தாள்.

வலது பக்கம். வெட்டி எடுத்த குழியில். எச்சில் மினுங்க.

மஞ்சள் முடிச்சு. இரட்டை முடிச்சு.

உப்பியது. சுருங்கியது.